ஆறாவது மாத்திரை

போன் அலறியது.

காலை மணி பத்தே கால். மே மாத வெயில் அதற்குள் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜீப்பைத் தோசைக்கல்லாக மாற்றியிருந்தது.

இன்ஸ்பெக்டர் சத்யப்ரியா ரிசீவரை எடுத்தாள்.

"போலீஸ் ஸ்டேஷன்..."

மறுமுனையில் வெறும் மூச்சு. அழுது ஓய்ந்த ஒரு பெண்ணின் மூச்சு.

"யாரு பேசுறது?"

"என் பேரு சைனப். காஜிமார் தெரு. நான்... என் தம்பியக் கொன்னுட்டேம்மா!"

சத்யப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க இருந்து பேசுறீங்க?"

"பெரியாஸ்பத்திரி. பொணவறை வாசல்ல நிக்கிறேன். வந்து கூட்டிட்டுப் போங்க."

"எப்படிக் கொன்னீங்க?"

"சோத்துல வச்சு..."

லைன் துண்டிக்கப்பட்டது!

எதிரே நின்ற ஏட்டு விருமாண்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மட்டும் டி.எஸ்.பி. ரேங்க்.

"இருவத்தஞ்சு வருச சர்வீசுல இப்பத்தான் மேடம் பாக்குறேன். கொலை செஞ்சவங்களே வண்டி அனுப்பச் சொல்றாங்க!"

"ஜோக்கு அப்புறம். ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க."

"போற வழியில ஒரு மெடிக்கல்ல நிப்பாட்டிக்கிருவமா? பிரஷர் மாத்திரை தீந்துருச்சு." விருமாண்டி சட்டைப் பையைத் தட்டினார். உள்ளே லேமினேஷன் செய்த மருந்துச் சீட்டு பளபளத்தது. "சீட்டு ரெடியா இருக்கு."

"நிப்பாட்ட மாட்டேன். ஏறுங்க."

* * *

இறந்தவன் பெயர் சுலைமான். வயது முப்பத்தாறு. காஜிமார் தெருவுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கடை. ஸ்கூல் பை தைக்கிற தொழில். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதால் மே மாதம் மூச்சுவிட நேரமிருக்காது.

அன்று காலை ஒன்பது மணிக்குத் தையல் மெஷின் மேலேயே வலிப்பு வந்து கவிழ்ந்தவன்... ஒன்பது ஐம்பதுக்கு ஆஸ்பத்திரியில் முடிந்துபோனான்.

டூட்டி டாக்டர் சின்னப் பெண். பெயர் சரண்யாதேவி. கண்ணில் தூக்கமில்லை. ஆனால் பேச்சில் தெளிவிருந்தது.

"மூணு வாரமா கை நடுக்கம், பேதி, நாக்குக் குழறல், தள்ளாட்டம். தெருவுல குடிக்கிறார்னு பேசியிருக்காங்க. பள்ளிவாசல்ல கூப்பிட்டுக் கண்டிச்சிருக்காங்களாம். அவர் ஒரு சொட்டுக் கூடக் குடிக்கல மேடம்."

"விஷமா?"

"உயிர் இருக்கும்போதே ரத்தம் எடுத்துட்டோம். ரிசல்ட் நாளைக்கு வந்துரும். அதுவரைக்கும் என் சந்தேகத்த நான் சொல்லல."

பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள் சைனப். ஐம்பதை நெருங்கிய வயது. சுலைமான் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட, அவனை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா. போலீஸைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள்.

விலங்குக்கு!

சத்யப்ரியா நெருங்கி வந்தாள். அந்தக் கைகளைக் கீழே இறக்கிவிட்டாள்.

"உக்காருங்கம்மா. சோத்துல என்ன வச்சீங்க?"

"மாத்திரை."

"என்ன மாத்திரை?"

"அவன் மாத்திரைதாம்மா. மனசுக்குத் தர்றது."

சைனப் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

நாலு வருடம் முன்பு ஒரு மே மாதம். சுலைமான் நாலு நாள் தூங்கவில்லை. இருநூறு ஸ்கூல் பை தைத்தான். பாட்டுப் பாடிக்கொண்டே தைத்தான். ஐந்தாம் நாள் அத்தனை பையையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தெருவில் வருகிற போகிற பிள்ளைக்கெல்லாம் சும்மா கொடுத்தான். தடுக்கப்போன மைத்துனன்மாரின் சட்டையைக் கிழித்தான். அப்புறம் மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவன், சோறு வேண்டும் என்று கூடக் கேட்கவில்லை.

"பைபோலார்னு சொன்னாரு ஆனையூர் டாக்டரு. ஒருக்கா மேல பறக்க வைக்கும், ஒருக்கா கீழ தள்ளிரும்னாரு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரை. அம்புட்டுத்தான். புள்ள எந்திரிச்சு உக்காந்துட்டாம்மா! நாலு வருசம் நல்லா இருந்தான்."

"அப்புறம்?"

"பிப்ரவரில யாரோ தெருவுல 'லூசு'ன்னு சொல்லிட்டாங்க. மாத்திரைய அம்புட்டையும் சாக்கடைல கொட்டிட்டு, 'எனக்குப் பைத்தியமில்ல, இனிமே தொட மாட்டேன்'னு கத்துனான். ஊரே பாத்துச்சு."

"அதனால..."

"அதனால நான் வச்சேன். மத்தியானச் சோறு என் வீட்டுல இருந்துதான் கடைக்குப் போகும். நாலு வருசமா மருந்துச் சீட்டும் அந்தச் சாப்பாட்டுப் பையிலயேதான் கெடக்கும். ரெண்டு மாத்திரையையும் பொடிச்சுக் குழம்புல கலந்துருவேன். உப்புக் கரிக்குதுன்னு ஒரு நாள் சொன்னான்... நான் சிரிச்சுக்கிட்டே 'கை தவறிருச்சு'ன்னேன்."

அவள் மார்பில் அறைந்துகொண்டாள்.

"கை தவறலம்மா... என் தம்பியையே தவற விட்டுட்டேன்!"

"டாக்டர் சொன்ன ரெண்டு மாத்திரைதான? அதக் குடுத்தா சாக மாட்டாங்கம்மா."

"பொறகு எப்படிச் செத்தான்?"

நல்ல கேள்வி.

அப்போதுதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஓடி வந்தார்கள். கறுப்பு புர்கா. கையைப் பிடித்தபடி எட்டு வயதுச் சிறுமி. சுலைமானின் மனைவி ஹஃபீஸா. மகள் சமீனா.

"மதினிய விடுங்க! அவுகளுக்கு ஒண்ணுமே தெரியாது!" ஹஃபீஸா மூச்சிரைத்தாள். "நான்தான்! நான்தான் அவுகளக் கொன்னேன்!"

விருமாண்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

ஒரு பிணம். இரண்டு கொலைகாரர்கள்!

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"காலை டீல ஒண்ணு, ராத்திரிப் பால்ல ஒண்ணு. சாப்பாட்டுப் பைல இருந்த சீட்ட ஜெராக்ஸ் எடுத்து மாத்திரை வாங்கி, பொடிச்சுப் போட்டேன். மார்ச்சு மாசத்துல இருந்து."

சைனப்பின் முகம் வெளிறியது.

"நீயுமாடி?"

ஹஃபீஸா திரும்பினாள்.

"நீங்களுமா மதினி?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னப் பெண் சமீனா மட்டும் அந்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் மாறி மாறித் திரும்பினாள்.

"போடுறானான்னு உன்கிட்டக் கேட்டேன்ல?" சைனப்பின் குரல் உடைந்தது. "போடுறாகன்னு சொன்னியே... அவன் கொட்டுனத நான் கண்ணால பாத்தேன். நீ பொய் சொல்றன்னு நெனைச்சுத்தான் நான் கலந்தேன்!"

"போடலன்னு சொன்னா எங்க அண்ணன்மாரு என்னையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போயிருவாக மதினி. ஜமாத்துல அப்படித்தான பேசி வச்சாக? உங்ககிட்டச் சொன்னா நீங்க அவுகளத் திட்டுவீக, அவுக கோவிச்சுக்கிட்டு எங்கயாச்சும் போயிருவாக... அதான் யாருக்கும் தெரியாம..."

இரண்டும் இரண்டும் நாலு.

இரண்டு பெண்கள் ஒரே மனிதனை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் காப்பாற்றியிருக்கிறார்கள்!

"மேடம்," சைனப் அவள் கையைப் பிடித்தாள். "என்னைய உள்ள வைங்க. எனக்குப் புள்ளகுட்டி இல்ல. இவள விட்டுருங்க. சமீனாவுக்கு அத்தாதான் போயிட்டான்... அம்மாவாச்சும் இருக்கட்டும்."

"இல்ல மேடம், மதினிய விடுங்க. எம்புள்ள மாமி மடியிலதான் வளந்துச்சு..."

ஜெயிலுக்குப் போக இப்படி அடித்துக்கொண்டவர்களை சத்யப்ரியா இதற்கு முன் பார்த்ததில்லை.

* * *

மறுநாள் காலை ரிசல்ட் வந்தது. லித்தியம்! அதே மாத்திரையின் மருந்து! ரத்தத்தில் இருக்க வேண்டியதைப் போல நாலு மடங்கு!

சத்யப்ரியா நேரே ஆனையூருக்குப் போனாள். மனநல டாக்டர் தவசி. வயது அறுபது. க்ளினிக் வாசலில் பத்து மணிக்கே ஐம்பது செருப்பு.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சுலைமானை நீங்க கடைசியாப் பாத்தது எப்ப டாக்டர்?"

"மூணு வருஷம் இருக்கும்."

"மூணு வருஷமா ஆளப் பாக்காம மாத்திரை எப்படி?"

"அவங்க அக்கா வருவாங்க. சீட்டக் காட்டுவாங்க. 'நல்லா இருக்கானா?' 'நல்லா இருக்கான்.' 'அதையே குடுங்க.' அவ்வளவுதான். அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. சீட்டப் பாத்தா மெடிக்கல்லயே குடுத்துர்றான்."

"இந்த மாத்திரை குடுக்கறதுக்குன்னு ஒரு முறை கிடையாதா?"

"ஏன் கிடையாது?" டாக்டர் சிரிக்க முயன்று தோற்றார். "மூணு மாசத்துக்கு ஒருதடவை ரத்தத்துல அளவு பாக்கணும். கிட்னி, தைராய்டு பாக்கணும். ஆளை நேர்ல உக்கார வச்சுப் பேசணும். வெயில் காலத்துல தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லணும். அத்தனையும் மனப்பாடம். போன வருஷம் மாநாட்டுல இதப் பத்தி ஒரு மணி நேரம் பேசிக் கைத்தட்டு வாங்குனேன்."

"பேசுனீங்க. செஞ்சீங்களா?"

"மொத வருஷம் செஞ்சேன்." அவர் குரல் இறங்கியது. "ஒரு நாளைக்கு எம்பது பேரு மேடம். நல்லா இருக்கான்னு சொன்னா சந்தோஷமா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன். ஆனா... சீட்டுல எழுதியிருப்பேனே! எல்லாருக்கும் எழுதுவேன்."

சைனப்பிடம் வாங்கியிருந்த சீட்டை சத்யப்ரியா மேஜையில் வைத்தாள். லேமினேஷன் செய்தது. மாத்திரை பெயர், காலை ஒன்று, இரவு ஒன்று. வேறு ஒன்றும் இல்லை.

"எங்க எழுதியிருக்கீங்க?"

டாக்டர் அதைத் திருப்பினார். பின்பக்கம் பழுப்பு நிறக் கெட்டி அட்டை. ஸ்கூல் பைக்கு அடியில் வைக்கிற அட்டை!

"மடங்காம இருக்கட்டும்னு அட்டைல ஒட்டி லேமினேஷன் போட்டிருக்காங்க மேடம்..." விருமாண்டி முணுமுணுத்தார். அவர் கை தானாகத் தன் சட்டைப் பைக்குப் போனது.

சத்யப்ரியா பிளேடு கேட்டு வாங்கினாள். பிளாஸ்டிக்கைக் கீறினாள். அட்டையை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தாள். சீட்டின் முதுகு பசையோடு பிய்ந்து வந்தது. நீல மையில் டாக்டரின் கையெழுத்து.

'மூன்று மாதத்திற்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, மருந்து ஒரேயடியாக இறங்கும். கை நடுக்கம், பேதி, நாக்குக் குழறல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரவும்.'

பொடிக்கக் கூடாது!

சாப்பாட்டுப் பையில் பத்திரமாகத் திரிந்த அந்தச் சீட்டு, நாலு வருடமாக இதைத் தன் முதுகில் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. சத்யப்ரியாவுக்கு அந்த அட்டையைத் தூக்கி எறியவேண்டும் போல் இருந்தது.

"என்னையும் எழுதிக்குங்க மேடம்," டாக்டர் தவசி மெதுவாகச் சொன்னார். "அந்த ரெண்டு பேரோட மூணாவதா. மூணு வருஷத்துல ஒரே ஒரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தா, அந்த ஆளே நேர்ல வந்திருப்பாரு. பேசியிருப்போம்."

எழுந்திருக்கப் போனவளை அவர் கை தடுத்தது. ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரைன்னு சொன்னீங்க?"

"நாலு. மனைவி ரெண்டு, அக்கா ரெண்டு."

"இல்ல."

"என்ன இல்ல?"

"நாலுன்னா உடம்பு முடியாமப் போகும். ஆனா ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு நேரம் குடுத்திருக்கும். இந்த அளவு, இவ்வளவு வேகமா..." டாக்டர் நிமிர்ந்தார். "குறைஞ்சது ஆறாவது குடுத்திருக்கணும்!"



"மேடம்... அப்ப வேற ஒருத்தன் இருக்கான்!" விருமாண்டியின் மீசை துடித்தது. "மூணாவதா ஒருத்தன்!"

* * *

கடை பூட்டிக் கிடந்தது. ஹஃபீஸாவும் சைனப்பும் சாவியோடு வந்தார்கள். சமீனா இருவருக்கும் நடுவில், இருவர் கையையும் பிடித்தபடி. அடக்கம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தகரக் கூரை உள்ளே அனலை இறக்கிக்கொண்டிருந்தது. மூலையில் தைத்து முடித்த பைகள். சத்யப்ரியா ஒன்றை எடுத்தாள். தையல் கோணல். அடுத்ததும் கோணல். கடைசி வாரத்துப் பைகளில் நூல் பாம்பு போல வளைந்து போயிருந்தது.

"இவ்வளவு கை நடுங்கியிருக்கு... டாக்டர்கிட்டப் போகலையா?"

"கூப்பிட்டேன் மேடம்," ஹஃபீஸா சொன்னாள். "'எனக்குத் தெரியும், சரியாயிரும்'னு சொல்லிட்டாக."

விருமாண்டி தையல் மெஷின் டிராயரை இழுத்தார்.

"மேடம்!"

டிராயர் அடியில், நூல்கண்டுகளுக்குக் கீழே நாலு ஸ்ட்ரிப் மாத்திரை. அதே மாத்திரை! மூன்று காலி. நாலாவதில் ஒன்றே ஒன்று மிச்சம். பக்கத்தில் அதே சீட்டின் ஜெராக்ஸ்.

"இந்தக் கடைக்குள்ள வேற யாரு வருவா?" சத்யப்ரியாவின் குரல் கூர்மையானது. "வேலையாளு? பார்ட்னர்? யாரு குடுத்தது இதை?"

"யாருமே இல்ல மேடம். அவுக மட்டும்தான். லீவுங்கறதால சமீனா கூட வருவா..."

எல்லாருடைய கண்களும் சிறுமியின் மேல் திரும்பின.

சமீனா பின்வாங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

சத்யப்ரியா அவள் முன்னால் மண்டியிட்டாள். யூனிஃபார்ம் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"சமீனா... அந்த மாத்திரைய அத்தாவுக்கு யாரு குடுத்தா?"

"சொல்லக் கூடாது."

"யாரு சொல்லக் கூடாதுன்னாங்க?"

"அத்தா."

"ஏன்?"

குழந்தையின் உதடு பிதுங்கியது. ஓரத்தில் மாட்டியிருந்த தன் சின்னப் பையை எடுத்தாள். கணக்கு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள்.

நட்சத்திரங்கள்! டீச்சர் கொடுக்கிற பளபளப்பு ஸ்டிக்கர் நட்சத்திரங்கள். வரிசையாக. ஒவ்வொன்றின் கீழும் ஒரு தேதி.

பத்தொன்பது நட்சத்திரம்.

"கடைக்கு வந்ததும் ஒண்ணு போடுவாங்க. சாயங்காலம் பூட்டுறப்ப ஒண்ணு போடுவாங்க. ரெண்டும் போட்டா நான் ஒரு ஸ்டார் ஒட்டணும்." சமீனா விரலால் கடைசி நட்சத்திரத்தைத் தடவினாள். "மாத்திரைய நிப்பாட்டுனதாலதான் கை நடுங்குதாம். அம்மாவும் மாமியும் சொன்னதுதான் சரியாம். பெருநாளைக்கு இந்த நோட்ட அவங்ககிட்டக் காட்டுவாங்களாம். அதுவரைக்கும் ரகசியம்னு சொன்னாங்க."



அளவு மீறியதால் நடுங்கிய கையைப் பார்த்து, மாத்திரை போடாததால் நடுங்குகிறது என்று நினைத்துவிட்டான் சுலைமான். ஊர் பார்க்கச் சபதம் போட்டவன், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் திருந்தியிருக்கிறான்.

அந்த மூன்றாவது ஆள்... அவனேதான்!

சைனப் நோட்டை வாங்கினாள். ஒவ்வொரு தேதியாகப் பார்த்தாள். அந்தத் தேதிகளில் எல்லாம் அவள் குழம்பு வைத்து அனுப்பியிருந்தாள்.

"அவனாத்தான் போட்டுக்கிட்டு இருந்தானா?"

சத்யப்ரியா தலையசைத்தாள்.

"அப்ப... நாங்க அவன நம்பியிருந்தாலே அவன் பொழைச்சிருப்பானா மேடம்?"

ஹஃபீஸா கோணல் தையல் போட்ட பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் சரிந்தாள். சைனப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சமீனா இருவர் மடியிலுமாகப் படுத்துக்கொண்டாள்.

சத்யப்ரியா வெளியே வந்து ஜீப்புக்குப் பின்னால் நின்று அழுதாள். நன்றாகவே அழுதாள். விருமாண்டி வேறு பக்கம் திரும்பி நின்று காவல் காத்தார்.

"கேஸ என்னன்னு எழுதுறது மேடம்?" கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "யாரை உள்ள வைக்கிறது?"

"நடந்தத நடந்தபடி எழுதுங்க. அந்த டாக்டர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாம எழுதுங்க. அந்தப் புள்ள புடிச்சிருக்கிற ரெண்டு கையையும் நான் பிரிக்க மாட்டேன்."

ஜீப் கிளம்பியது. தெரு முனையில் ஒரு மெடிக்கல். விருமாண்டி அதைப் பார்த்தார். பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சத்யப்ரியா கையை நீட்டினாள்.

"ஏட்டய்யா... அந்தச் சீட்ட எடுங்க."

லேமினேஷன் சீட்டு கை மாறியது. தேதியைப் பார்த்தாள். எட்டு வருடம்!

"வண்டிய மெடிக்கல்லுக்கு விடாதீங்க. நேரா இதை எழுதுன டாக்டர்கிட்ட விடுங்க. இன்னைக்கு உங்கள அவர் நேர்ல பாத்தே ஆகணும்!"

விருமாண்டி டிரைவர் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"போலாம் மேடம்... ஆனா வண்டிய தத்தனேரி சுடுகாட்டுக்குத்தான் விடணும். அவரு செத்து மூணு வருசமாச்சு!"